பொரிக்கும் குஞ்சும் பக்குவமும்

குருவின் அருள் சீடனைச் சென்றடையும் வழிகளைச் சொல்லும்போது, முட்டையிடும் உயிர்கள் மூன்றை உவமை காட்டுவது சைவ மரபின் வழக்கம். பறவை தன் முட்டையைத் தொட்டு அணைத்துப் பொரிக்கிறது. மீன் பார்வையாலும் ஆமை நினைவாலும் பொரிக்கச் செய்கின்றன என்பது பழைய நம்பிக்கை. இதையொட்டித் தொட்டு அருள்வது பரிச தீட்சை என்றும், நோக்கி அருள்வது நயன தீட்சை என்றும், நினைந்து அருள்வது மானத தீட்சை என்றும் பெயர் பெற்றன. மீனையும் ஆமையையும் பற்றிய செய்தியை இன்றைய உயிரியல் ஏற்காது. கோழி மட்டும் உவமையில் சொன்னபடியே இன்றும் 21 நாள் அடைகிடக்கிறது. ஆனால் அந்த உவமை குஞ்சு வெளிவருவதோடு நின்றுவிடுகிறது. பாதி உடைந்த ஓட்டுக்குள் மூச்சு வாங்கிக் கிடக்கும் குஞ்சையும், வெளியே வந்தும் எழுந்து நிற்க மாட்டாத குஞ்சையும் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அருள் எவ்வளவு தூரம் கை நீட்டலாம், எங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்ற பெரிய வழக்கு, கோழி வளர்க்கும் வீடுகளில் இந்தச் சிறிய வடிவில்தான் வந்து சேர்கிறது.

முட்டைக்குள் நடப்பதை நெருங்கிப் பார்த்தால்தான் கேள்வியின் கடுமை புரியும். அடைவைத்த ஏறக்குறைய பத்தொன்பதாம் நாள் வரை குஞ்சு நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஓட்டின் உட்புறத்தை ஒட்டிப் படர்ந்த சவ்விலுள்ள இரத்தக் குழாய்களே, ஓட்டின் நுண்துளைகள் வழியே காற்றை வாங்கிக் கொடுக்கின்றன. உடல் பெருத்து அந்தக் காற்று போதாமல் போகும்போது உள்ளே கரியமில வாயு சேர்ந்து, அந்த நெருக்கடியில் கழுத்துத் தசை துடிக்க, முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறைக்குள் அலகு கிழித்துக்கொண்டு நுழைகிறது; குஞ்சின் முதல் மூச்சு அங்கேதான். பிறகு, அலகு நுனியில் முளைத்துச் சில நாளில் தானே உதிர்ந்துவிடும் ஒரு சிறு முள், ஓட்டில் துளையிடுகிறது. அதன் பின் அரை நாள், சில முட்டைகளில் ஏறக்குறைய ஒரு முழு நாள், வெளியே எதுவும் நடப்பதாகத் தெரியாது. பார்ப்பவருக்குக் குஞ்சு தோற்றுப்போனது போலத் தோன்றும் இந்த நேரத்தில்தான் சவ்வின் குழாய்களிலிருந்து இரத்தம் உடலுக்குத் திரும்புகிறது. எஞ்சிய மஞ்சள் கரு தொப்புள் வழியே வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. அது முடியுமுன் இரக்கப்பட்டு ஓட்டை உரிப்பவரின் கையிலேயே குஞ்சு இரத்தம் கசிந்து சாகவும் கூடும்.

சைவ சித்தாந்தம் இந்தக் காத்திருப்புக்கு ஒரு சொல் வைத்திருக்கிறது. உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தின் ஆற்றல் தளர்ந்துவரும் நிலை மலபரிபாகம் எனப்படும். பரிபாகம் என்பது கனிதல், பக்குவம். நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் விருப்பு வெறுப்பின்றி ஒன்றாக ஏற்பது இருவினையொப்பு. இவை கூடியபோது அருள் பதிவது சத்திநிபாதம். எல்லாம் வல்ல இறைவன் உயிரை ஏன் உடனே விடுவிக்கவில்லை என்ற கேள்விக்கு, பக்குவம் வராத உயிரால் அருளைத் தாங்க முடியாது என்பதே சித்தாந்தியின் விடை. ஆணவத்துக்கு நெல்லின் உமியும் செம்பின் களிம்பும் உவமை. முட்டை ஓட்டை அந்த வரிசையில் சேர்க்கத் தோன்றலாம், சேர்த்தால் பிழையாகும். குஞ்சின் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தைத் தந்ததே அந்த ஓடுதான். உடல், கருவி, உலகம், நுகர்பொருள் ஆகியவற்றைத் தந்து, விடியும் வரை எரியும் விளக்கைப் போல உயிருக்கு உதவும் மாயைக்கே ஓடு நெருங்கியது: முதலில் வீடு, கடைசி நாளில்தான் சிறை. அதைத் தொடக்கத்திலிருந்தே சிறையாகப் பார்ப்பவர்தான் அவசரமாக உடைக்கிறார்.

வைணவத்தில் இதே வழக்கு வேறு இரண்டு விலங்குகளின் பேரில் நடந்தது. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்வது மர்க்கட நியாயம். உயிரின் பங்கும் சிறிது வேண்டும் என்ற வடகலையாருக்கு அது உவமை. பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்வது மார்ச்சார நியாயம். எல்லாம் இறைவன் செயலே என்ற தென்கலையாருக்கு உரியது. கோழி இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அது குஞ்சுக்காக ஓட்டை உடைத்துத் தருவதில்லை. சூடு தருகிறது, முட்டையைப் புரட்டிவிடுகிறது, கடைசி நாள்களில் உள்ளிருந்து வரும் கீச்சொலிக்குத் தாழ்ந்த குரலில் மறுமொழியும் கொடுக்கிறது. உழைப்பு முழுவதும் உள்ளே, சூடு முழுவதும் வெளியே என்ற இந்த ஏற்பாட்டைக் கலைச் சண்டைக்காரர்கள் உவமையாக எடுக்காமல் விட்டது வியப்புத்தான்.

பக்குவம் என்ற சொல்லுக்கு ஓர் ஆபத்தும் உண்டு: கையை அசைக்க விரும்பாதவருக்கு அது எளிய சாக்காகிவிடும். துளை விழுந்து ஒரு நாள் கடந்தும் விரிசல் வளராமல், சவ்வு காய்ந்த காகிதம் போலப் பழுத்து இறகோடு ஒட்டிக்கொண்டால், அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருப்பதைப் பொறுமை என்று சொல்ல முடியாது. அப்போது வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கி, அகன்ற முனையிலிருந்து நகக்கண் அளவு ஓட்டை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஈரச் சவ்வில் சிவந்த கோடு தெரிந்தால், அல்லது ஒரு துளி இரத்தம் துளிர்த்தால், அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இங்கே பக்குவத்தை அறிவிக்கும் பிரமாணம், அதாவது அறிவுக்கு ஆதாரம், அந்தச் சிவப்புக் கோடுதான், நூல் அல்ல.

இயற்கையை அதன் போக்கில் விட்டுவிடுவதே தர்மம் என்ற வாதமும் உண்டு. இதைக் கம்பம் பள்ளத்தாக்கில் நின்று சொல்வது கடினம். மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய பெரியாற்றின் நீர், 1895இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையால் கிழக்கே திருப்பப்பட்டது. இன்று அது குழாய்களில் மலையிறங்கி லோயர் கேம்ப் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, அங்கிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக வயலுக்குப் பாய்கிறது. குஞ்சுக்குப் போடும் குருணை அந்த வயலில் விளைந்தது. ஆற்றையே திருப்பிய மனிதர், நொண்டும் குஞ்சின் முன்னே மட்டும் இயற்கையின் பெயரைச் சொல்லி விலகுவது பொருந்தாது.

விலகலுக்கு இன்னும் ஆழமான நியாயம் வினைக் கொள்கையிலிருந்து வருகிறது. நோயும் ஊனமும் பழவினைப் பயன் என்றால், அதைத் துடைப்பது இறைவன் ஆணைக்கு எதிராகாதா? இந்தத் தடையை நேராக எடுத்துப் பேசியவர் இராமலிங்க வள்ளலார். சிறையிலிட்ட குற்றவாளிக்கும் அரசன் தன் ஏவலர் வழியே உணவு கொடுக்கிறான். அதனால் தண்டனையும் கெடுவதில்லை, ஆணையும் மீறப்படுவதில்லை என்பது ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் அவர் சொன்ன விடையின் சாரம். துன்பப்படும் உயிரைக் கண்டால் உள்ளம் உருகுவதற்குக் காரணம் உயிர்களெல்லாம் ஒரு தந்தையின் மக்கள் என்ற உரிமை என்றார் அவர். 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியவர் பசியை முதன்மைத் துன்பமாக வைத்தது இயல்பே. முட்டையிலிருந்து வந்த குஞ்சோ முதல் இரண்டு நாள் பசியறியாது. வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு அதற்குச் சோறு. அந்நேரத்தில் வாயைத் திறந்து ஊட்டுகிறவர் மூச்சுக்குழலுக்குள் நீரை விட்டுவிடக் கூடும். அதற்கு அப்போது வேண்டியது சூடு. இரக்கத்தோடு உயிரின் நிலையைப் பற்றிய அறிவும் சேராவிட்டால், ஜீவகாருண்யம் கையளவிலேயே கெட்டுப்போகும்.

லோயர் கேம்ப்புக்குக் கீழே உத்தமபாளையத்தில், கருப்பண்ணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்கள் உள்ளன. அவற்றைச் செதுக்கிய சமணத்தின் கொல்லாமை, முதற்படியில் செய்யாமையே: துன்புறுத்தாதே என்பது விதி. சமணத்துக்குள்ளேயே, 1760இல் இராஜஸ்தானத்தில் தேராபந்த் பிரிவைத் தொடங்கிய ஆசாரிய பிட்சு, சாகும் உயிரைக் காப்பது உலகியல் நன்மையே தவிர வீடுபேற்றுக்கான அறமாகாது என்று வாதிட்டார். அதே சமயத்தவர் டெல்லி சாந்தினி சௌக்கில் கோயிலை ஒட்டிப் பறவைகளுக்கென்று மருத்துவமனை நடத்திவருகிறார்கள். பிட்சுவின் கூற்று கல்நெஞ்சம் போலத் தெரிந்தாலும், காப்பாற்றுபவரின் மகிழ்ச்சியில் பற்று ஒளிந்திருக்கிறது என்ற எச்சரிக்கை அதில் உண்டு. ஓட்டை அவசரமாக உடைக்கும் கை பெரும்பாலும் அந்தப் பற்றின் கைதான்.

வெளியே வந்த பிறகு கணக்கு தலைகீழாகிறது. முன்பு அவசரம் கொன்றது, இனித் தாமதம் கொல்லும். ஆனி, ஆடியில் குமுளிக் கணவாய் வழியே இறங்கும் சாரல் காற்றில் ஈரம் உலராத குஞ்சு வெகுநேரம் தாங்காது. பெட்டிக்குள் சாக்கு விரித்து, குஞ்சு இருக்கும் மட்டத்தில் ஏறக்குறைய 35 டிகிரி இருக்கும்படி 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டால், கோழியின் வயிற்றுச் சூட்டுக்கு அது ஈடாகும். இப்போது வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது என்பதால், மின்நிலையம் கூப்பிடு தொலைவில் இருந்தும் குண்டு பல்பைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. வழுக்கும் செய்தித்தாளில் விட்ட குஞ்சின் கால்கள் இருபுறமும் விரிந்துபோகும். மெல்லிய துணி நாடாவால் இரு கால்களையும் நிற்கும் அகலத்துக்குத் தளரக் கட்டிவிட்டால், மூன்று நான்கு நாளில் பலவும் நடந்துவிடுகின்றன. அலகு நுனியை மட்டும் கருப்பட்டி கலந்த நீரில் தொட்டுக் காட்டினால் போதும், குடிப்பது தானே வரும்.

தாய்க்கோழி இவ்வளவும் செய்வதில்லை. முந்திப் பொரித்த குஞ்சுகள் உலர்ந்ததும் ஓரிரு நாளில் அவற்றைக் கூட்டிக்கொண்டு மேயக் கிளம்பிவிடும். பிந்திய முட்டையும் எழ முடியாத குஞ்சும் அங்கேயே கிடக்கும். இதைக் கொடுமை என்பது சரியாகாது. ஒன்றுக்காக உட்கார்ந்தால் பத்தும் பட்டினி கிடக்கும் நிலையில் அதற்கு வேறு வழி இல்லை. பெட்டியும் பல்பும் உடையவருக்கு அந்தச் சாக்கு செல்லாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு முரண் எஞ்சுகிறது. இப்படிப் பார்த்துப் பார்த்து வளர்க்கும் வீட்டிலேயே சேவலைக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிடும் வழக்கமும் உண்டு. 1950ஆம் ஆண்டின் பலித் தடைச் சட்டத்தை 2003இல் தமிழக அரசு கடுமையாக நடைமுறைப்படுத்த முயன்று, 2004இல் சட்டத்தையே விலக்கிக்கொண்டது; வழக்கம் சட்டத்தைவிட வலியது. வள்ளலார் நெறி இதை ஒப்பாது. நேர்ந்துவிடுகிறவரோ சேவலும் சாமியின் உடைமை, வளர்த்ததும் சாமிக்காகவே என்பார். ஆனால் நேர்த்திக்கடனுக்குப் போகும் உயிருக்கு ஊனம் இருக்கக் கூடாது என்பது வழக்கு. நாடா கட்டியும் கால் நேராகாத குஞ்சு, சேவலாகி முற்றத்தில் சாய்ந்து சாய்ந்து நடந்தாலும், கோயில் வாசலுக்குக் கொண்டுபோகப்படுவதில்லை.