பிள்ளையைக் காட்டுவது சலுகை அல்ல

"காசு கட்டாட்டிப் பிள்ளையைக் காட்டமாட்டன்." "பிள்ளையைக் காட்டாட்டி ஒரு சதமும் தரமாட்டன்." பிரிந்து வாழும் தம்பதியரின் வீடுகளில் இந்த இரண்டு பேச்சும் அடிக்கடி எழும். யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் எங்கள் ஒழுங்கையிலும் கேட்டிருக்கிறேன். இரண்டும் நியாயம் போலவே ஒலிக்கும். ஆனால் இரண்டிலும் பிள்ளை ஈடு வைத்த காணியாகிவிடுகிறது.

இலங்கைச் சட்டம் இப்படி முடிச்சுப் போடவில்லை. பிள்ளைச் செலவுக்கான தாபரிப்புப் பணம், 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் கேட்பது. பிள்ளை யாரிடம் வளர்வது, மற்றவர் எப்போது பார்ப்பது என்பவை மாவட்ட நீதிமன்றத்துக்குரியவை. தாபரிப்பு நிலுவையானால் அதற்குரிய மன்றிலேயே பரிகாரம் உண்டு. பிள்ளையை மறைப்பது பரிகாரம் அல்ல. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9 ஆவது உறுப்புரை, பிரிந்திருக்கும் பெற்றோரோடு ஒழுங்காகத் தொடர்பு வைத்திருப்பதை, நலனுக்குக் கேடில்லாதவரை, பிள்ளையின் உரிமை என்கிறது. பிள்ளையின் உரிமையைப் பேரம் பேசப் பெற்றோருக்கு அதிகாரமில்லை.

மன்றின் கட்டளை கிடைத்ததும் சண்டை ஓய்வதில்லை. "ஞாயிறுகளில் தகப்பன் பார்க்கலாம்" என்ற ஒற்றை வரியே அடுத்த வழக்குக்கு வித்தாகலாம். ஞாயிறு காலை ரியூசன். எத்தனை மணிக்குக் கூட்டிப்போவது? எங்கே கையளிப்பது? நல்லூர்த் தேருக்கு யாரோடு? காய்ச்சலால் தவறிய நாளுக்குப் பதில் நாள் எது? தகப்பன் கனடாவில் என்றால் வட்ஸ்அப்பில் எந்த நேரம்? அங்கே இரவாகும்போது, இங்கே பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் நேரம். இவற்றைத் தவணைக்கு முன்பே பேசி, சட்டத்தரணிகள் மூலம் எழுத்தில் கொடுத்தால் மன்று அதையே கட்டளையாக்கலாம். பிறகு மன்றின் படியேறும் தேவை பெரிதும் குறையும்.

எழுத்தில் வராதது ஒன்றும் உண்டு. படலையில் கையளிக்கும் நேரம். தாய் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தகப்பன் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல் ஹோர்ன் அடிப்பார். ஏழு வயதுப் பிள்ளை, தான் சிரிக்கலாமா என்று தாயின் முகத்தைப் பார்க்கும். அந்த வேளையை இரு பக்கமும் மதிக்கும் ஒரு அம்மம்மாவிடமோ பெரியம்மாவிடமோ விடுங்கள். திரும்பி வந்த பிள்ளையிடம் "அப்பா என்ன கேட்டவர்?" என்று விசாரணை நடத்தாதீர்கள்.

அடி உதையும் துஷ்பிரயோகமும் உள்ள இடத்தில் இந்தப் பேச்சு பொருந்தாது. அங்கே பாதுகாப்பே முதல். அதை நன்னடத்தை உத்தியோகத்தரிடமும் மன்றிடமும் தயங்காமல் சொல்ல வேண்டும். மேற்பார்வையோடு சந்திக்க விடுவதா, நிறுத்துவதா என்பதை மன்று தீர்மானிக்கட்டும்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாபரிப்பை உரிய நாளில் கட்டுங்கள்; பிள்ளையை உரிய நேரத்தில் அனுப்புங்கள். மற்றவர் தன் பங்கைச் செய்தாரா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நீங்கள் கொடுப்பது அவருக்கல்ல, உங்கள் பிள்ளைக்கு.