ஊருக்கு வெளியே ஓர் இரவுச் சாப்பாடு

மஃரிபு தொழுத கையோடு குடும்பத்துடன் வண்டியேறி, ஊரை விட்டு 5, 6 மைல் தள்ளிப் புறவழிச் சாலையோரப் பரோட்டாக் கடையில் போய் உட்காருவது இன்று நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. குற்றமில்லை. கொத்துப் பரோட்டாச் சத்தம் யாரைத்தான் இழுக்காது!

ஆனால் சகோதரர்களே, கறி விஷயத்தில் சிலர் எதையுமே கேட்பதில்லை. சிலரோ பரிமாறும் பையனைக் குற்றவாளி போல் நிறுத்தி விசாரிக்கிறார்கள். இஸ்லாத்திற்குப் புதியவர்கள் கொண்டுவரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதோ இல்லையோ என்று சிலர் ஐயுற்றபோது, நீங்கள் பிஸ்மி சொல்லி உண்ணுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. கடைக்காரர் முஸ்லிமாயின் அதுவே போதும். அறுத்தவர் யாரென்றே தெரியாத இடத்தில் பணிவாக ஒரு வார்த்தை கேட்கலாம். மனம் ஒப்பவில்லையா, தோசை இருக்கிறது.

சென்ற மாதம் நம்முடன் வந்த ஒருவர், சால்னாவில் உப்பில்லையென்று பரிமாறிய பையன்மீது எரிந்து விழுந்தார். நாமும் வாய்மூடி இருந்துவிட்டோம், இன்றும் உறுத்துகிறது. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள்.

இஷா? 5, 6 மைல் போனதற்காகக் கஸ்ரு செய்ய முடியாது. சாப்பாடு முன்னால் வந்துவிட்டால் முதலில் சாப்பிட்டுக்கொள்ளச் சலுகை உண்டு. தொழுகையை விட்டுவிட அல்ல. அன்றிரவு உளூச் செய்யத் தண்ணீர் கேட்டோம். திட்டு வாங்கிய அதே பையன்தான் வாளி நிறையக் கொண்டுவந்து வைத்தான்.