மயானம் இருந்த மண்ணில் குடியிருத்தல்

மனிதர் புதிதாகக் குடியேறும் எந்த நிலத்திலும் அவர்களுக்கு முன்னர் யாரேனும் இருந்திருப்பர் என்பதும், அவ்வாறு முன்னிருந்தவர்க்குப் பின்வந்தவர் கடன்பட்டவரா என்பதும் சமயச் சிந்தனையில் மிகப் பழைய பொருள்கள். ஆயினும் ஒரு நிலப்பரப்பு முழுவதும் ஒரே திட்டத்தின்கீழ்த் திருத்தப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் குடிபுகும் இக்காலத்தில், அக்கேள்வி முன்னெப்போதும் இல்லாத கூர்மையைப் பெறுகிறது. பழைய ஊர்களில் முன்னோர் இறந்ததும் பின்னோர் பிறந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததால், யாருடைய இடத்தில் யார் இருக்கிறார் என்ற எண்ணமே எழவில்லை. புதிய குடியிருப்பிலோ முன்னிருந்தவர் வெளியேறிய ஆண்டும் பின்வந்தவர் நுழைந்த ஆண்டும் அரசாங்கப் பதிவேட்டில் உள்ளன.

சிங்கப்பூரின் பிடாடாரி இதனை ஆராய ஏற்ற இடம். ஏறத்தாழ 93 ஹெக்டர் பரப்பில் சுமார் 10,000 வீடுகளுக்கெனத் திட்டமிடப்பட்ட இக்குடியிருப்பின் நடுவே, 2024இல் திறக்கப்பட்ட 13 ஹெக்டர் பூங்காவும், மழைநீரைத் தேக்கி வடிக்கும் பணியையும் சேர்த்துச் செய்கிற அல்காஃப் ஏரியும், முன்பு வாகனங்கள் ஓடிய அப்பர் அல்ஜூனிட் சாலையின் ஒரு பகுதியை நடப்போர்க்கென மாற்றிய மரபுடைமை நடைபாதையும் உள்ளன. உட்லீ ரயில் நிலையமும் கடைத்தொகுதியும் நடந்தே சென்றடையும் தொலைவில் இருக்கின்றன. அங்கே ஏறினால் நான்காம் நிலையம் லிட்டில் இந்தியா. மாலையில் மரநிழலில் நடக்கவும், வேலைக்கும் கோயிலுக்கும் காய்கறிக்கும் அலையாமல் போய்வரவும் விரும்பும் குடும்பத்திற்கு இதைவிட வாய்ப்பான இடம் அத்தீவில் அரிது.

இந்த மண் 1907 முதல் 1972 வரை இடுகாடாக இருந்தது. நகரின் வெளியே அமைந்திருந்த அந்த மயானத்தில் முதலில் கிறித்தவர்க்கும், பின்னர் முஸ்லிம்களுக்கும், இந்துக்களுக்கும், சிங்களவர்க்கும் தனித்தனிப் பகுதிகள் ஒதுக்கப்பட்டன. 2001 தொடங்கி 2006 வரை கல்லறைகள் தோண்டப்பட்டபோது, கிறித்தவப் பகுதியில் ஏறத்தாழ 58,000, முஸ்லிம் பகுதியில் ஏறத்தாழ 68,000 எனக் கணக்கிடப்பட்டன. வடகிழக்கு ரயில் தடம் 2003இல் ஓடத் தொடங்கியபோது உட்லீ நிலையம் கட்டி முடிக்கப்பட்டிருந்தும், ஏறி இறங்க மக்கள் இல்லாமையால் 2011 வரை திறக்கப்படவில்லை. அந்த ஆண்டுகளில், மேலே மயானம் அகழப்படுகையில், கீழே ரயில்கள் அந்நிலையத்தில் நில்லாமல் கடந்துகொண்டிருந்தன.

பெயரும் கருதத்தக்கது. பிடாடாரி என்ற மலாய்ச் சொல் வானுலக மங்கையைக் குறிக்கும். அது வித்யாதரி என்னும் வடசொல்லின் திரிபு. வித்தியாதரரைத் தமிழ்க் காப்பியங்கள் விஞ்சையர் என்று வழங்கும். மணிமேகலையில் யானைத்தீ என்னும் தீராப்பசியால் வருந்திய காயசண்டிகை ஒரு விஞ்சை மகள். நம் கிராம தேவதையான பிடாரியின் பெயர் போலவே காதில் விழுந்தாலும், அச்சொல்லுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஜொகூர் சுல்தான் அபு பக்கரின் துணைவியார் ஒருவர்க்கு அங்கிருந்த மாளிகையின் பெயர் மயானத்திற்கு வந்தது, மயானத்தின் பெயர் இன்று குடியிருப்பிற்கு வந்திருக்கிறது. வீடு விற்கத் தடையாகும் என்று அப்பெயரை நீக்கியிருக்க முடியும். நீக்காமல் விட்டதே அந்நிலத்திற்குச் செய்யப்பட்ட மரியாதைகளுள் முதன்மையானது என்று சொல்லலாம்.

தமிழில் காடு என்னும் சொல் மரமடர்ந்த வனத்தையும் பிணம் இடும் இடத்தையும் ஒருங்கே குறிப்பது. பிணத்தைப் புதைப்பது இடுகாடு, எரிப்பது சுடுகாடு, ஊருக்குப் புறத்தே இருப்பதால் இரண்டுமே புறங்காடு. மனிதர் கைவிட்ட நிலம் மரங்களுக்குத் திரும்புவதைக் கண்ட அனுபவம் இந்தச் சொல்லாட்சியில் பதிந்திருக்கக்கூடும். பிடாடாரியில் நிகழ்ந்ததும் அதுவே. அடக்கம் நிறுத்தப்பட்ட பின்னர் அந்த இடுகாடு மெல்ல மெல்ல மரக்காடாயிற்று. வடக்கின் குளிருக்கு அஞ்சித் தெற்கே வரும் வலசைப் பறவைகள் அங்கே இறங்கின. அவற்றைக் காண வந்தவர்களும் ஓடிப் பயில வந்தவர்களும் கல்லறைகளின் ஊடே பாதையிட்டனர். அப்பறவைகளுக்காக ஒரு மேட்டின் மரங்கள் பூங்காவில் இன்றும் விடப்பட்டுள்ளன. ஆக, இன்று அங்கே நடப்பவர் ஒரே காலத்தில் இருவகைக் காட்டிலும் நடக்கிறார்.

இவ்வகை நிலத்தில் வீடு வாங்க எண்ணும் தமிழ்க் குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி கடனைப் பற்றியதன்று, தோஷத்தைப் பற்றியது. மனை நூல்கள் சல்லியம் என்று ஒன்றைச் சொல்லும். எலும்பு, மயிர், கரி, சாம்பல் முதலியன மண்ணுக்குள் கிடந்து குடியிருப்போரை வருத்தும் என்பதும், அவற்றை அகழ்ந்து நீக்கிய பின்னரே கட்ட வேண்டும் என்பதும் அதன் கருத்து. பிடாடாரியில் அகழ்வு முறையாக நடந்துவிட்டதால் சல்லியம் நீங்கிற்று என்று கூறி இக்கேள்வியை எளிதில் முடித்துவிடலாம். பலர் அவ்வாறே அமைதி அடைகின்றனர். ஆனால் அதே மனை நூலின் அடிப்படைக் கதையை நோக்கினால் அந்த அமைதி நிலைக்காது. எல்லா மனைக்கும் அடியில் வாஸ்து புருஷன் என்னும் பேருடல் குப்புறக் கிடக்கிறது, அவன் எழாதபடி தேவர்கள் அவன் அங்கங்களின்மேல் அமர்ந்துள்ளனர், வீடு கட்டுவோர் தரும் பலியே, அதாவது படையலே, அவனுக்கு உணவாகப் பிரமனால் வகுக்கப்பட்டது என்று புராணம் கூறுகிறது. எலும்புக்கு அஞ்சும் சாத்திரம், கிடக்கும் ஓர் உடலின்மீதே எல்லா வீடும் நிற்கிறது என்று தொடங்குவது மிக ஆழ்ந்த செய்தி. மண்ணைத் தூய்மை செய்தவுடன் கணக்குத் தீர்ந்தது என்று அந்நூல் சொல்லவில்லை. கீழே கிடப்பவனுக்கு மேலே இருப்பவன் உணவு தரக் கடமைப்பட்டவன் என்றே அது சொல்கிறது. அச்சத்தின் மொழியில் பேசப்படினும் அதன் உள்ளீடு கடனே.

சமாதிமேல் எழுந்த இடமெல்லாம் தீட்டு என்று தமிழ் மரபு கருதவும் இல்லை. இறந்த அரசரின் எச்சங்கள்மேல் எழுப்பப்படும் சிவன் கோயிலைப் பள்ளிப்படை என்பர். முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக மேல்பாடியில் எடுப்பித்த அரிஞ்சிகை ஈச்சரம் அத்தகையது.

அச்சம் எவ்வாறு செயற்படுகிறது என்பதை மணிமேகலையைப் போல் ஆராய்ந்த நூல் தமிழில் வேறில்லை. புகார் நகரத்தை ஒட்டியிருந்த பெருமயானத்தை ஊரார் சுடுகாட்டுக் கோட்டம் என்று அழைக்க, அதன் உண்மைப் பெயர் சக்கரவாளக் கோட்டம் என்று தெய்வம் விளக்குகிறது. சக்கரவாளம் என்பது பௌத்தர் கொள்கைப்படி மலைகளாலும் கடல்களாலும் சூழப்பட்ட ஓர் உலக முழுமை. அவ்வுலகின் வடிவை மயன் அங்கே மண்ணால் இயற்றினான் என்பது கதை. சுடுவோர், வெறுமனே இட்டுச் செல்வோர், குழியில் புதைப்போர், தாழியில் கவிப்போர் எனப் பலவழக்கினரும் அங்கே ஒரே மதிலுக்குள் இடம்பெறுகின்றனர். கிறித்தவரும் முஸ்லிமும் இந்துவும் சிங்களவரும் அடுத்தடுத்துக் கிடந்த பிடாடாரியை எண்ணுவோர்க்கு அக்காட்சி தொலைவானதன்று. தனியே அங்கே சென்ற சார்ங்கலன் என்னும் சிறுவன், பிணம் தின்னும் பேயின் கூத்தைக் கண்டு அஞ்சி, வீடு திரும்பித் தாயிடம் உரைத்து உயிர்விடுகிறான். மகனை மீட்டுத் தருமாறு தாய் கோதமை தெய்வத்திடம் மன்றாட, போன உயிர் தன் வினைவழியே போயிற்று, எத்தெய்வமும் அதை மீட்காது என்பதை அவள் உணரும்வரை தெய்வம் அவளுக்குக் காட்டுகிறது. அச்சத்திற்கு மருந்தாக மயானத்தை இடம்பெயர்க்கவோ மறைக்கவோ அக்காப்பியம் சொல்லவில்லை. நிலையாமையை அறிந்த தாயின் தெளிவே அங்கே மருந்து.

நிலையாமையைப் பேசும் இடத்தில் திருக்குறள் குடியிருப்பின் சொற்களையே எடுத்துக்கொள்கிறது. துச்சில் என்பது பிறர் வீட்டில் ஒதுங்கியிருக்கும் இடம், அதாவது ஒண்டுக்குடித்தனம். புக்கில் என்பது புகுந்தபின் வெளியேற வேண்டாத நிலைத்த வீடு. உடம்பென்னும் துச்சிலில் ஒதுங்கியிருக்கும் உயிர்க்கு ஒரு புக்கில் இன்னும் அமையவில்லை போலும் என்று வள்ளுவர் இரங்குகிறார். சிங்கப்பூரில் இச்சொற்கள் ஏறத்தாழச் சட்டச் சொற்களாகவே பொருந்துகின்றன. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடு 99 ஆண்டுக் குத்தகைக்கு உரியது. 1998 முதல் கல்லறைக்கும் 15 ஆண்டு என வரம்பு உண்டு, அதன்பின் எச்சங்கள் எடுக்கப்பட்டு, சமயம் இசைந்தால் எரிக்கப்படும், இசையாவிட்டால் சிறிய இடத்தில் மீண்டும் புதைக்கப்படும். உயிரோடு இருப்பவர்க்கும் இறந்தவர்க்கும் அத்தீவில் துச்சில் ஒன்றே உண்டு. இடம் குறைந்த நாட்டில் இது தவிர்க்க இயலாதது என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் தவிர்க்க இயலாதது என்பதனால் அதன் துயரம் குறைந்துவிடுவதில்லை. இறுதி நாளில் உடலோடு எழுதலை நம்பும் கிறித்தவர்க்கும் முஸ்லிமுக்கும், பாட்டியின் எலும்புகள் பெட்டியில் ஏறிச் செல்வதைக் காண்பது நெஞ்சை அறுக்கும் செயல். எரிப்பதையே பெரிதும் வழக்கமாகக் கொண்டவர், அவ்வேதனையைத் தம் அளவுகோலால் அளந்து சிறியதென்று கருதுவது நேர்மையாகாது.

பிடாடாரி மயானத்தின் நினைவுத் தோட்டத்தில் பழைய வாயில் தூண்களும் பொதுவாழ்வில் பெயர்பெற்ற சிலருடைய கல்லறைக் கற்களும் வைக்கப்பட்டுள்ளன. நல்ல செயலே. எனினும், ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டோர் கிடந்த மண்ணில் கல் கிடைத்தவர் மிகச் சிலரே, மற்றவர் எல்லாம் எண்களாகவே எஞ்சினர் என்பது மனத்தை உறுத்துகிறது. எண்ணாகிவிட்டவர்க்குக் கடன் செலுத்தக் கல் தேவையா, வேறு வழி உண்டா என்பதே இங்கு உண்மையான கேள்வி.

இல்லறத்தான் ஓம்ப வேண்டிய ஐவருள் தென்புலத்தாரைத் திருக்குறள் முதலில் வைக்கிறது. பிடாடாரியில் கிடந்தவர் அங்குக் குடியேறியவரின் குலத்தவர் அல்லரே என்று வினவலாம். ஆனால் பரிமேலழகர் தென்புலத்தார் என்பதற்குத் தன் தந்தை, பாட்டன் என்று பொருள் கூறாமல், படைப்புக் காலத்தில் அயனால் படைக்கப்பட்டுத் தென்திசையை இடமாகக் கொண்ட ஒரு கடவுட் சாதி என்றே விளக்குகிறார். இரத்த உறவு அந்த விளக்கத்தில் இன்றியமையாததாக இல்லை. அமாவாசைத் தர்ப்பணத்தில் இது இன்னும் தெளிவாகிறது. தந்தை வழியினர்க்கும் தாய் வழியினர்க்கும் பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைத்து முடித்த பின்னர், தாயோ தந்தையோ நண்பரோ சுற்றத்தாரோ இல்லாதவர்க்கும் இது சேர்க என்று கூறித் தர்ப்பையைப் பிழிந்து கடைசி நீர் விடப்படுகிறது. விரலிடுக்கில் இறங்கும் அந்தச் சில துளிகளுக்கு உரியவர் யார் என்று விடுபவருக்குத் தெரியாது. பெயர் தெரியாமை அங்கே தடையாகக் கருதப்படவில்லை; அந்த நீர் அவர்களுக்கெனவே வைக்கப்பட்டது. புதிய வீட்டின் அடுப்பில் பால் பொங்குவதை நின்று பார்க்கிற குடும்பம், சன்னலுக்குக் கீழே மரங்களாய்த் தெரியும் அந்நிலத்தை நோக்கி ஒரு கணம் கைகுவித்தால், அதுவும் அந்தக் கடைசி நீரின் இனத்தைச் சேர்ந்ததே.

நடத்தல் பற்றியும் மரபில் ஒரு செய்தி உண்டு. காரைக்கால் அம்மையார் பேய்கள் சூழ்ந்த திருவாலங்காட்டில் இறைவன் ஆடலைக் கண்டிருந்தவர். அது பெயரிலேயே காடு, மயானத்தில் ஆடுவோனின் தலம். அம்மையார் தலையால் நடந்த அம்மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சிய திருஞானசம்பந்தர், ஊருக்குள் புகாமல் அருகேயுள்ள ஓரிடத்தில் அன்றிரவு தங்கினார் என்றும், இறைவன் கனவில் தோன்றி நம்மைப் பாட மறந்தாயோ என வினவ, அவர் விழித்துப் பதிகம் பாடினார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. சம்பந்தரின் காலைத் தடுத்ததும் அச்சம் என்றே சொல்லப்படுகிறது. ஆனால் சார்ங்கலனைக் கொன்ற அச்சம் அதுவன்று. ஒருவன் தனக்கு என்ன நேருமோ என்று அஞ்சினான், மற்றவர் தம் காலால் மண்ணுக்கு என்ன நேருமோ என்று அஞ்சினார்.

குடியேறியவர்க்குச் சம்பந்தரைப் போல் வெளியே தங்கும் வாய்ப்பு இல்லை. காலையில் ரயிலைப் பிடிக்கவும், மாலையில் குழந்தையின் மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு ஓடவும் அந்த நடைபாதையில் கால் வைத்தே ஆகவேண்டும். பாதையின் சில இடங்களில் பழைய மயானத்தைப் பற்றிய குறிப்புகள் உண்டு. முதல் வாரத்தில் அவற்றின் முன் நின்று படிப்பவர், பின்னர் பார்க்காமலே கடப்பர். கடக்கையில் குழந்தை அதைச் சுட்டி, இங்கே யார் இருந்தார்கள் என்று கேட்கும் நாள் எந்த வீட்டிலும் வரும்.