விரதமும் எலும்பும்

உத்தராகண்டில், கடல்மட்டத்திலிருந்து 5,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது ரூப்குண்ட் ஏரி. 1942-இல் வன அதிகாரி ஒருவர் கண்ணில் பட்டதிலிருந்து, அதன் கரையில் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் பற்றிப் பல கதைகள் உலவின. 2019-இல் ஹைதராபாதின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்து (சிசிஎம்பி) ஆய்வாளர்களும் வெளிநாட்டு அறிஞர்களும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மரபணு பார்க்கப்பட்ட 38 பேரில் 23 பேர் தெற்காசிய வழியினர், கி.பி. 800-ஐ ஒட்டி, ஒரே நாளில் அல்லாமல் வெவ்வேறு சமயங்களில் இறந்தவர்கள். நந்தாதேவிக்கு யாத்திரை போகும் வழி அது என்பதால், அவர்களில் சிலராவது யாத்திரிகர்களாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். கூடவே அவர்கள் உண்டதையும் சொன்னார்கள்: சாப்பாடு ஆளுக்கு ஆள் மாறுபட்டது, சிலர் சிறுதானியமும் சேர்த்து உண்டவர்கள்.

சாமி கும்பிடப் போன வழியில் இறந்துபோனவரின் தொடை எலும்பில் ஒரு துணுக்கை வெட்டி, அமிலத்தில் கரைத்து, அவர் வயிற்றுக்குள் போனதைக் கண்டுபிடிக்க நமக்கு உரிமை உண்டா? அந்தத் துணுக்கு திரும்பக் கிடைக்காது. அவரிடம் சம்மதம் கேட்கவும் முடியாது.

இதற்குப் பதில் சொல்லுமுன், எலும்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இராசபாளையம் பக்கத்துச் செட்டியார்பட்டியில் நின்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். மேற்கே மலை, அடிவாரத்தில் கண்மாய்த் தண்ணீரில் நெல். கிழக்கே போகப் போகக் கரிசல். சோளமும் கம்பும் குதிரைவாலியும் விளைந்த மண். நெல்லும் பருப்பும் காற்றிலிருந்து கரிமத்தை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு, சோளமும் கம்பும் எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. அந்த வேறுபாடு தின்றவரின் எலும்பில் தங்கிவிடுகிறது. கரிசல் வீடுகளில் நெல்லுச்சோறு பண்டிகைக்கு மட்டுமே பொங்கிய காலத்து மனிதர் ஒருவரையும், கண்மாய்க் கரையில் அரிசி உண்டு வளர்ந்தவரையும் பக்கத்தில் பக்கத்தில் புதைத்திருந்தாலும் ஆய்வுக்கூடம் பிரித்துச் சொல்லிவிடும். தொடை எலும்பென்றால் கடைசிப் பத்தாண்டுக்கும் மேலான சாப்பாடு அதில் இருக்கும்.

புலால் விஷயத்தில்தான் சிக்கல். நைட்ரஜனின் கனமான வகை, உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் கூடும். அதை வைத்துத்தான் கறியும் மீனும் தின்றாரா என்று கணிக்கிறார்கள். ஆனால் பாலும் அந்த மாட்டின் உடம்பிலிருந்து வந்ததுதானே? தினமும் தயிரும் மோருமாகச் சாப்பிட்ட சைவர் ஒருவரையும், அதே மாட்டின் கறியைத் தின்ற இன்னொருவரையும் இந்தச் சோதனை தெளிவாகப் பிரிக்காது. வயலுக்குச் சாணி எரு போட்டிருந்தால் தானியத்திலேயே நைட்ரஜன் ஏறிவிடும். நெடுநாள் பட்டினியில் உடம்பு தன் தசையையே கரைத்துக்கொள்ளும்போதும் அளவு ஏறக்கூடும். ஆக, கடும் நோன்பிருந்த ஒருவரின் எலும்பை விவரம் தெரியாதவர் கையில் கொடுத்தால், நோன்பை முறித்தவர் என்று சொல்லிவிடுவார்.

இது வெறும் தொழில்நுட்பக் குறை என்று விட்டுவிட முடியாது. இந்த நாட்டில் சாப்பாட்டை வைத்து வாடகைக்கு வீடு மறுக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் முட்டை போடலாமா என்று சண்டை போடுகிறார்கள், மாட்டிறைச்சி வைத்திருந்ததாகச் சொல்லி மனிதனை அடித்தே கொன்றிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில், ஒரு மடத்தார் அல்லது ஒரு சமயத்தார் 1,000 ஆண்டுக்கு முன் இன்னது தின்றார்கள் என்ற முடிவு ஆய்விதழின் பக்கத்தோடு நிற்காது. மறுநாளே அது ஒருவர் கையில் கல்லாகிவிடும்.

ஐரோப்பாவில் நடந்ததைப் பாருங்கள். லண்டனை அடுத்த மெர்ட்டன் மடத்தில் புதைக்கப்பட்டவர்களின் முதுகெலும்புகளில் ஒருவகைக் கூடுதல் எலும்பு வளர்ச்சி அதிகமாக இருப்பதை வால்ட்ரன் என்ற மருத்துவர் 1985-இல் எழுதினார். உடல் பருமனோடும் நீரிழிவோடும் தொடர்புபடுத்தப்படும் வளர்ச்சி அது. தின்று கொழுத்த துறவி என்று நெடுங்காலமாக இருந்துவந்த கேலிக்கு அறிவியல் முத்திரை கிடைத்தது போலாயிற்று. அங்கே புதைக்கப்பட்டவர்களில் மடத்துக்குத் தானம் கொடுத்த செல்வந்தர்களும் இருந்திருப்பார்கள் என்பதும், அந்த வளர்ச்சிக்கு முதுமையும் ஒரு காரணம் என்பதும் கேலி செய்கிறவர்களுக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் இறந்தவர்களின் எலும்பும் பல்லும் நியாயமும் செய்திருக்கின்றன. ஜெர்மனியின் டால்ஹைம் கன்னிமடத்தில் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் பல் காரையில், உணவுத் துகள்களைத் தேடியபோது, நீலநிறத் துகள்கள் கிடைத்தன. ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லாசுலி என்ற நீலக் கல்லை அரைத்துச் செய்த விலையுயர்ந்த வண்ணம். தூரிகை நுனியை நாக்கில் கூர்செய்துகொண்டு ஏடுகளுக்கு அவர் வண்ணம் தீட்டியிருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. 2019-இல் இது வெளிவரும்வரை அந்த மடத்தின் பெண்களுக்கு அப்படியொரு திறமை இருந்ததென்று எந்தப் பதிவும் இல்லை. ரோமின் கலிஸ்துஸ் நிலவறைக் கல்லறைகளில் கிடந்த ஆரம்பகாலக் கிறித்தவர்கள் ஆற்றுமீன் தின்ற எளியவர்கள் என்பதையும் எலும்புதான் சொன்னது. எழுத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு இதைவிட்டால் வேறு சாட்சி இல்லை. அதனால் எலும்பைத் தொடவே கூடாது என்ற வாதத்தை ஏற்க முடியாது. அது இறந்தவரைக் காப்பதுபோலத் தோன்றி, அவரை மறதியில் தள்ளிவிடும்.

நம் ஊரில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. எரித்தவர்களுக்கு, உண்டதைச் சொல்லும் எலும்பு மிஞ்சுவதில்லை. தாழியில் வைக்கப்பட்டவர்கள், சமாதியில் அமர்த்தப்பட்ட துறவிகள், வீரசைவர்கள், கிறித்தவர்கள், இஸ்லாமியர்கள் இவர்களுக்குத்தான் மிஞ்சும். சோதனை என்று வந்தால் சோதிக்கப்படுவது எப்போதும் புதைத்தவர்களின் முன்னோர்கள்தான்; எரித்தவர்களின் முன்னோர்கள் தாங்கள் சொல்லிக்கொண்டபடியே தூயவர்களாக இருந்துவிடுவார்கள். ஒருபக்கம் மட்டுமே குறுக்கு விசாரணைக்கு ஆளாகும் இந்த ஏற்பாட்டை நியாயம் என்று எப்படிச் சொல்வது? புதைத்தவர் எலும்பிலிருந்து எழுதும் எந்த முடிவும் ‘பழந்தமிழர் உண்டது இதுதான்’ என்று பொதுப்படப் பேசக் கூடாது. ஒரு சமயத்தார் இன்று தமக்கென வைத்திருக்கும் உணவு நெறியை அளக்கும் கோலாகவும் அது ஆகக் கூடாது. விரதம் என்பது ஒருவர் வாழ விரும்பிய விதம். எலும்பில் இருப்பது அவருக்குக் கிடைத்த சாப்பாடு. பஞ்சத்தில் கிடைத்ததைத் தின்று, மனதில் விரதத்தோடு செத்தவரும் இருப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே சதுரகிரிக்கு அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கூட்டம் ஏறுகிறது. சித்தர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள் என்று நம்பித்தான் ஏறுகிறார்கள். தமிழ்நாட்டில் விளக்கெரியும் சமாதிகள் பலவற்றுக்கும் பின்னால் இந்த நம்பிக்கை உண்டு: உள்ளே இருப்பவர் இறக்கவில்லை, உட்கார்ந்திருக்கிறார். அதை நம்பாதவரும், நம்புகிறவரின் கண்முன்னே அந்தச் சமாதிக் கல்லைப் புரட்டும் உரிமை தனக்கில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பவர் காய்கிழங்கு மட்டும் தின்றாரா என்ற ஆவல் அதற்குப் போதுமான காரணம் அல்ல. வழிபாட்டில் இருக்கும் எந்தச் சமாதியையும் உணவாராய்ச்சிக்காகத் திறக்கக் கூடாது.

ஏற்கெனவே மண்ணிலிருந்து வெளிவந்த எலும்புகள் வேறு. கீழடியை ஒட்டிய கொந்தகையிலும், தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரிலும் தாழிகளிலிருந்து எடுத்தவை இருக்கின்றன. ஆதிச்சநல்லூரிலிருந்து 1876-லேயே ஜாகோர் என்ற ஜெர்மானியர் பெர்லினுக்கு அள்ளிக்கொண்டு போனார். எடுத்தவற்றை முழுமையாக ஆராய்ந்து, சந்தேகங்களோடு சேர்த்தே முடிவை எழுதி, பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லுவதே எடுத்தவர்களின் கடன். 2004-இல் ஆதிச்சநல்லூரில் தோண்டியதற்கு அறிக்கை கேட்டு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. புதிதாக ஒரு குழி தோண்டுமுன், பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கும் எலும்புகளுக்கு நம் நிறுவனங்கள் பதில் சொல்லட்டும்.