உயரத்தின் விலை

வார்ஹாம்மர் 40,000 மேசைப் போர் விளையாட்டில் விமானப் பொம்மை ஒளிபுகும் பிளாஸ்டிக் தண்டின்மேல் உயர்ந்து நிற்கும். ஆட்டக்காரர் குனிந்து, அந்தப் பொம்மையின் இடத்திலிருந்தே எதிரியைப் பார்க்க வேண்டும் (முட்டிவலிக்காரர்கள் பாவம்). பொதுவாகத் துளி தெரிந்தாலும் சுடலாம். ஆனால் 2023இல் வந்த பத்தாம் பதிப்பின்படி, இடிந்த கட்டடத்துக்கு அப்பால் நிற்கும் காலாட்படை ஜன்னல் வழியே கண்ணில் பட்டாலும் மறைந்ததாகவே கணக்கு. விமானத்துக்கு அந்தத் திரை இல்லை. கட்டடத்தைத் தாண்டியும் அது பார்க்கும். கீழே இருப்பவர்களும் அதைப் பார்ப்பார்கள். அது ஒளிய வேண்டுமானால் சுவர் முழு உருவத்தையும் நிஜமாகவே மறைக்க வேண்டும். அவ்வளவு உயரச் சுவரை மேசையில் யார் வைக்கிறார்கள்?