பிறர் காணாப் பின்னல்

பிறர் கண்ணில் படாத செயலிலும் நேர்மை வேண்டுமா? அறநூலார் பலர் ஆராய்ந்த இவ்வினாவை ஓர் எளிய கைத்தொழிலைக் கொண்டும் ஆராயலாம். குளிர்நாடுகளில் கம்பளி நூலால் காலுறை பின்னும் தொழிலே அது.

வட்டமாகப் பின்னும் காலுறைக்கு, இருமுனையும் கூரிய ஊசிகள் நான்கோ ஐந்தோ தேவை. கயிறு முறுக்கியதுபோல் மேலெழும் அலங்காரத்திற்கு மேலும் ஒரு சிற்றூசி வேண்டும். சில கண்ணிகளை அதில் ஏற்றி நிறுத்திவிட்டு, அடுத்துள்ளவற்றை முதலில் பின்னுவர். நிறுத்தியவற்றைப் பிறகு பின்னுவர். சிற்றூசி முன்புறம் நின்றால் முறுக்கு இடப்பக்கம் சாயும். பின்புறம் நின்றால் வலப்பக்கம் சாயும். ஒருமுறை இடம் மாறினாலும் அந்த முறுக்கு மட்டும் எதிர்ப்புறம் திரும்பி நிற்கும்.

பத்து வரிசை கடந்தபின் இப்பிழை தெரிய வருகிறது என்று கொள்வோம். பிரிப்பதா, விடுவதா? அதனால் காலுறையின் வெம்மை குறையப் போவதில்லை. காலணியும் கால்சட்டையும் பிழையை மறைத்துவிடும்; அணிபவரே அறியார். பயனை மட்டும் அளவுகோலாகக் கொள்வோர், "விட்டுவிடு" என்பர். அக்கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. அழகைத் திருத்தும் நேரத்தில் இன்னொருவர் கால் குளிரில் நடுங்குமாயின், அவ்வழகு அறமாகாது அன்றோ?

எனினும், தேவை கருதிப் பிழையை விடுவது வேறு, "யார் பார்க்கப் போகிறார்?" என்று விடுவது வேறு. முன்னதில் பின்னுபவர் தம் செயலை முற்றும் அறிந்திருக்கிறார். பின்னதிலோ, பிறர் பார்வை நீங்கியதும் தம் பார்வையையும் நீக்கிக்கொள்கிறார். கை பின்னுகிறது, மனம் அங்கில்லை.

அயர்லாந்து நாடகாசிரியர் ஜான் மில்லிங்டன் சிங் எழுதி, 1904இல் அரங்கேறிய 'ரைடர்ஸ் டு தி சீ' என்னும் நாடகம் இங்கு நினைக்கத்தக்கது. கடலில் மாண்ட ஒருவனின் உடைகள் வீடு வந்து சேர்கின்றன. அவை தன் உடன்பிறந்தானுடையவையே என்று தங்கை நோரா எவ்வாறு தெளிகிறாள்? தான் பின்னிய மூன்றாம் இணையில் இரண்டாவது காலுறை அது என்பதும், அறுபது கண்ணிகள் இட்டு அவற்றுள் நான்கை விட்டதும் அவள் நினைவில் இருக்கின்றன. எண்ணிப் பார்க்கின்றனர், கணக்குப் பொருந்துகிறது.

அயர்லாந்தின் அரான் தீவுகளில் குடும்பத்திற்கொரு முறுக்குப் பின்னல் உண்டென்றும், மாண்டோரை அதனால் அடையாளம் கண்டனரென்றும் ஒரு கதை உலவுகிறது. ஆய்வாளர் அதை ஏற்பதில்லை. நாடகத்தில் வருவதும் அலங்காரமற்ற எளிய காலுறையே. அங்கே சான்று பகர்ந்தது வேலைப்பாடு அன்று. பின்னியவளின் கருத்தூன்றிய நினைவே.

ஆகவே, மறைவான செயலின் நேர்மை பிழையின்மையில் இல்லை. "நான் செய்தது இது, விட்டது இது" என்று சொல்லக்கூடிய விழிப்பிலேயே அது இருக்கிறது. எவரும் மீண்டும் புரட்டிப் பாராத ஏட்டைத் திருத்தும் ஆசிரியருக்கும், அதனை எழுதும் மாணவருக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். முறுக்குப் பின்னலை எல்லாரும் கற்க வேண்டியதில்லை. தாம் இட்ட கண்ணிகளின் கணக்கை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.