ஏரிக்குக் கணக்கு உண்டு



இந்த மாதம் தண்ணீரைக் குறித்துத் தியானிப்போம். "தண்ணீர்தானே ஐயா, இதிலே என்ன பிரசங்கம்?" என்று கேட்பீர்கள். ஆதியாகமத்தைத் திறந்து பாருங்க. வெளிச்சம் உண்டாகிறதற்கு முன்பே அங்கே ஜலம் இருக்கிறது.

சகோதரிகளே, சித்திரை வெயிலிலே மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானைக்கு வெளியே கசிகிற நீர் ஆவியாகப் போகும்போது ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. வங்காள விரிகுடாவிலும் நடப்பது இதே வேலைதான். வெயில் கடல்நீரை ஆவியாக்குகிறது. உப்பு கீழே நின்றுவிடுகிறது, நல்ல தண்ணீர் மட்டும் மேலே ஏறுகிறது. ஏறின ஆவி மறுபடியும் துளியாகும்போது, கொண்டுபோன வெப்பத்தை வானத்திலே விட்டுவிடுகிறது. புயலுக்குப் பலம் அதிலிருந்துதான். துளிகள் ஏறி மழையாய்ப் பொழிவதை யோபு 36-ம் அதிகாரத்திலே எலிகூ பேசுகிறான், வாசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. உறைந்த தேங்காய் எண்ணெய் உருகின எண்ணெயில் அமிழ்ந்து போகும். ஐஸ் கட்டியோ தண்ணீரில் மிதக்கிறது! தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாயிருக்கிறது. உறையும்போது விரிந்து இலேசாகிவிடுகிறது. அதனால் குளிர்தேசத்து ஏரி மேலே உறைந்தாலும் அடியிலே மீன் பிழைக்கிறது. சிருஷ்டிகருடைய ஞானத்திற்கு ஸ்தோத்திரம்!

பூமியிலுள்ள நூறு பங்குத் தண்ணீரில் 97 பங்கு கடலில் இருக்கிறது. மீதி மூன்று பங்கிலும் பெரும்பகுதி பனிக்கட்டி. நமக்கென்று வருவது கொஞ்சம். அதுவும் நம்ம பக்கத்திலே ஐப்பசி, கார்த்திகை மழையிலே பெரும்பங்கு வந்துவிடுகிறது. அதைப் பிடித்து வைக்கத்தான் ஏரி வெட்டினார்கள்.

உத்திரமேரூர் ஏரிக்குக் கல்வெட்டிலே வயிரமேக தடாகம் என்று பேர். பல்லவர் காலத்து ஏரி. அதைத் தூர்வார அந்நாளிலேயே தானம் எழுதி வைத்தார்கள். பிறகு முதலாம் பராந்தக சோழன் காலத்திலே, 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகளின்படி, 30 குடும்புகளிலிருந்து குடவோலை எடுத்து வாரியங்களை ஏற்படுத்தினார்கள். அதிலே ஏரி வாரியத்துக்கு 6 பேர், 360 நாள் பொறுப்பு. (மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தெரிந்துகொண்டது உங்களுக்கு நினைவு வரலாம்.) வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது, அவனுடைய உறவினருக்கும் இடமில்லை. அந்தச் சபையிலே நம்மில் அநேகருடைய முன்னோர்களை உட்கார விட்டிருக்க மாட்டார்கள், அது வேறே விஷயம். ஆனாலும் ஏரிக்குக் கணக்கு இருந்தது.

இன்றைக்கு யார் கணக்குக் கேட்கிறோம்? 2015 டிசம்பரிலே நம்ம காஞ்சிபுரம் மாவட்டமே வெள்ளத்தில் தவித்தது. மூன்றரை வருஷம் கழித்து, 2019 ஜூனிலே, சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கிற செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. வானம் கொடுக்காமல் இல்லை. வரத்துக்கால்வாயை மேடாக்கி வீடு கட்டினால், ஏரிக்குள்ளே குப்பை கொட்டினால், வந்த தண்ணீர் எங்கே நிற்கும்? ஏரி நிறைந்தால்தான் சுற்றிலும் கிணறு ஊறும். ஊறாத இடத்தில் போரை இன்னும் நூறடி இறக்குகிறோம். பக்கத்து ஏழையின் கைப்பம்பு காற்றை இழுக்கிறது.

எசேக்கியேல் 34-ம் அதிகாரத்திலே, தெளிந்த தண்ணீரைத் தான் குடித்துவிட்டு மீதியைக் காலால் கலக்குகிற கொழுத்த ஆடுகளைக் கர்த்தர் விசாரிக்கிறார். உபவாசத்திலே மழைக்காகக் கண்ணீரோடு ஜெபிக்கிறோம், நல்லது. அந்த ஜெபம் முடிந்து, அன்னதானத் தட்டுகளைக் கால்வாயிலே வீசிவிட்டுப் போகிறவர்களும் நாம்தானே?

புரட்டாசி முடிகிறதற்குள் சபைக்குப் பின்னாலே போகிற வரத்துக்கால்வாயை நாமே சுத்தம் பண்ணுவோம். பஞ்சாயத்தில் சொல்லியாயிற்று. வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோ கூடையோ கொண்டு வாங்க. கருவேல முள் நிறைய இருக்கிறது, செருப்பில்லாமல் வராதீங்க. கஞ்சி சபையிலே தயாராயிருக்கும்.